அனுமதியின்றிக் குணமானவன்

எனக்கு வந்தது என்ன நோய் என்று தெரிவதற்கு முன்பே அது அரிய நோய் என்பது முடிவாகிவிட்டது.

நான் பஸ் கண்டக்டர். பதினெட்டு வருஷமாக ஒரே ரூட். கத்திப் பிழைக்கிற தொழில். திடீரென்று மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் படி ஏறினால் வாங்கியது, பிறகு பேசினால் வாங்கியது, கடைசியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே வாங்கியது. நாலு டாக்டர்கள் நாலு விதமான மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாவது டாக்டர்தான் விலாவுக்குள் ஊசியை விட்டு ஒன்றரை லிட்டர் உறிஞ்சி எடுத்தார். ரத்தமோ சீழோ வரும் என்று காத்திருந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டார். வந்தது பால் மாதிரி இருந்தது. வெள்ளை வெளேர் என்று, நல்ல கெட்டியாக.

"இதுல ரெண்டு காபி போடலாம் போலிருக்கே," என்றாள் என் மனைவி. அவளுக்குப் பயம் வந்தால் இப்படித்தான் பேசுவாள்.

அந்த டாக்டர் கையைக் கழுவிவிட்டு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஆறாவது மாடியில் 'அரிய நிணநாளக் கோளாறுகள் உயர்நிலைப் படமறிதல் துறை' என்று ஒரு போர்டு இருந்தது. வாசலைவிட போர்டு அகலம். துறை ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு மிஷின், பதினோரு டாக்டர்கள், நோயாளிகள் பூஜ்யம். மூன்று வருஷமாக அவர்கள் ஒருவரை ஒருவர் படமெடுத்துத்தான் பழகியிருக்கிறார்கள். பதினோரு பேரில் ஒருவருக்குக்கூட ஒன்றும் இல்லை என்பதில் துறைக்குக் கொஞ்சம் மனவருத்தம் இருந்தது.

நான் உள்ளே நுழைந்ததும் பதினோரு பேரும் எழுந்து நின்றார்கள். வாழ்க்கையில் எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. பஸ்ஸில் நான்தான் மற்றவர்களை எழுப்பி விடுவேன்.

பதினோராவது ஆள், எல்லோரையும்விட இளையவர், ஒரு பெண். துறையில் அவரை 'சின்ன டாக்டர்' என்று கூப்பிட்டார்கள். என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னது அவர் ஒருவர்தான்.

"உடம்புல ரத்தக்குழாய் மட்டும் இல்லண்ணா. நிணநீர்க் குழாய்னு இன்னொண்ணு இருக்கு. நூல் மாதிரி இருக்கும். சாப்பிடுற கொழுப்பெல்லாம் அது வழியா நெஞ்சுக்குள்ள ஏறி, கழுத்துக்கிட்ட போய் ரத்தத்துல சேரும். உங்களுக்கு வழியில எங்கயோ ஓட்டை. ஒழுகினது தேங்கி நுரையீரலை அமுக்குது. எங்கன்னு படத்துல பார்த்துட்டா சரி பண்ணிடலாம்."

"எத்தனை நாள் ஆகும் டாக்டர்?"

"படம் எடுக்க ஒரு மணி நேரம்," என்றவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "துறைக்கு எத்தனை நாள் ஆகும்னு தெரியல."

எனக்கு நாள் கணக்கு முக்கியம். எங்கள் டெப்போவில் நோய் விடுப்பு தொண்ணூறு நாள். தொண்ணூறாவது நாள் மாலை ஐந்து மணிக்குள், 'பூரண குணம், பணிக்குத் தகுதி' என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த தாள் போய்ச் சேரவில்லை என்றால் பெயரை அடித்துவிடுவார்கள். நாற்பத்தாறு வயதில் வேறு எந்த வேலைக்குப் போவது? ஆறாவது மாடிக்கு நான் வந்து சேர்ந்த அன்று அறுபத்தோராவது நாள்.

விலாவில் குழாய் சொருகி, அதன் மறுமுனையை ஒரு பாட்டிலில் விட்டு, கட்டிலில் போட்டார்கள். தினமும் எண்ணூறு மில்லி வெள்ளையாக இறங்கியது. புதன்கிழமை 'சாத்தியக்கூறு கூட்டம்' நடந்தது. நடுவில் ஒரு நாற்காலியில் என்னையும் பாட்டிலையும் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு டாக்டரும் ஆளுக்கு ஒரு நோய் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. அரிதாக இருந்தால் பெரிய டாக்டர், அதாவது துறைத் தலைவர், தலையை ஆட்டுவார்.

ஒருவர் எலும்பு கரைந்து காணாமல் போகும் நோய் என்றார். தலைவர் தலையை ஆட்டினார். இன்னொருவர் பிறவியிலேயே குழாய் கோணலாக இருக்கும் நோய் என்றார். நாற்பத்தாறு வருஷம் ஏன் தெரியவில்லை என்று கேட்டதற்கு, அது அடக்கமான நோய் என்று பதில் வந்தது. மூன்றாமவர் பெண்களுக்கு மட்டுமே வரும் ஒரு நோயைச் சொன்னார்.

"பேஷண்ட் ஆம்பளையாச்சே," என்றார் யாரோ.

"அதனாலதான் இன்னும் அரிது," என்றார் மூன்றாமவர். பெரிய டாக்டர் மிக நீளமாகத் தலையை ஆட்டினார்.

சின்ன டாக்டர் முறை வந்தது. அவர் நோய் எதுவும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். "அண்ணா, நெஞ்சுல ஏதாவது அடிபட்டுச்சா?"

"ஆமாங்க. டிரைவர் சடன் பிரேக் போட்டாரு. சீட்டுக் கம்பில நெஞ்சு போய் இடிச்சிருச்சு. அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் மூச்சு வாங்க ஆரம்பிச்சுது."

ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நல்லா யோசிச்சுப் பேசுங்க," என்றார் அன்பாக. "கம்பின்னு எழுதினா இது விபத்து. விபத்துன்னா தரைத்தளம். அங்க இருநூறு பேர் பாயில படுத்திருக்காங்க. இங்க உங்களுக்கு ஜன்னலோரக் கட்டில், பதினோரு டாக்டருங்க. நீங்க அரிய நோயாளியா இருக்கணுமா, சாதாரண நோயாளியா இருக்கணுமா? நாங்க யாரையும் வற்புறுத்துறதில்ல."

ஜன்னலோர சீட் வேண்டாம் என்று சொன்ன பயணியை நான் பார்த்ததில்லை. நானும் சொல்லவில்லை. பதிவேட்டில் 'காரணம்: ஆழ்ந்த ஆய்வில் உள்ளது' என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து வெண்ணெய் விவகாரம். எனக்குச் சொட்டு எண்ணெய்கூடக் கூடாது என்று உணவு நிபுணர் அம்மா கட்டிலில் அட்டை மாட்டியிருந்தார். கொழுப்பு சாப்பிட்டால் ஒழுகல் கூடும். படமெடுக்கும் துறைக்கோ ஒழுகல்தான் வேண்டும். படத்தன்று காலையில் நூறு கிராம் வெண்ணெய் சாப்பிட்டால்தான் குழாய் பளிச்சென்று தெரியுமாம். இரண்டு தரப்பும் நியாயமாகத்தான் பேசின. ஆனால் கடிதத்தில்தான் பேசின. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு நடைபாதை. கடிதம் அதைக் கடக்க ஏழு நாள். ஏழாம் நாள் சமரசம் ஏற்பட்டது. வெண்ணெய் உணவாகத் தரப்படாது. பரிசோதனைப் பொருளாகத் தரப்படும். அதனால் சமையலறையிலிருந்து வராமல் மருந்துக் கிடங்கிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் வந்தது. 'நன்றாகக் குலுக்கவும்' என்று லேபிள் ஒட்டியிருந்தது.

நான் குலுக்கினேன். அது அசையவில்லை. ஸ்பூனால் தின்றேன்.

எழுபத்திரண்டாவது நாள் படம் எடுத்தார்கள். சின்ன டாக்டர்தான் ஊசி போட்டார். தொடை இடுக்கில் இருக்கும் நிணநீர் முடிச்சுக்குள், மயிர் போன்ற ஊசியால், சொட்டுச் சொட்டாக எண்ணெய் மாதிரி ஒரு மருந்தை ஏற்றினார். மற்ற பத்துப் பேரும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கைகட்டிப் பார்த்தார்கள். என் தலைமாட்டில் ஒரு திரை இருந்தது.

அதில் என் உள்ளே இருப்பது தெரிந்தது. இரண்டு பக்கமும் மெல்லிய நூல்கள், கட்டி கட்டியாக நின்று நின்று, முதுகெலும்பை ஒட்டி மேலே ஏறின. அவசரமே இல்லை. நாற்பத்தாறு வருஷமாக இது சத்தம் போடாமல் எனக்காக ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. என் உடம்பைப் பார்த்து எனக்கே மரியாதை வந்தது, கண்ணும் கலங்கியது. நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் நூலிலிருந்து ஒரு துளி பக்கவாட்டில் கசிந்து பரவியது. எனக்கே புரிந்தது.

"இதோ, இங்கதான்," என்றார் சின்ன டாக்டர்.

"டாக்டர்," என்று ஒலிபெருக்கியில் பெரிய டாக்டர் குரல் வந்தது. "படம் பேசட்டும். நீங்க பேச வேண்டாம்."

படம் பேசுவதற்கு ஒரு முறை இருந்தது. பத்து நாள் இடைவெளியில் இரண்டு படங்கள் எடுக்க வேண்டும், இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், பிறகு பதினோரு கையெழுத்து. அதன் பிறகே எனக்கு நோய் இருப்பதாக நோய்க்கே தெரிவிக்கப்படும்.

மறுநாள் பாட்டிலில் முந்நூற்றைம்பது மில்லிதான் இறங்கியது. அதற்கு மறுநாள் தொண்ணூறு. நாலாம் நாள் ஒன்றுமே இல்லை. குழாய் அடைத்துக்கொண்டதோ என்று நர்ஸ் தட்டிப் பார்த்தார். குழாய் நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் நான் பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு தரைத்தளத்திலிருந்து ஆறாவது மாடிக்குப் படியில் ஏறி வந்தேன். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. மேலே வந்து மனைவிக்குப் போன் போட்டேன். பேச முடிந்தது. மூச்சு விடாமல் பேசினேன். அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டே, "போதும், மத்தவங்களையும் பேச விடுங்க," என்றாள்.

சின்ன டாக்டர் வந்து நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. "அந்த மருந்து எண்ணெய்தானே அண்ணா. சில பேருக்கு ஓட்டையிலயே போய்த் தங்கி, அதுவே அடைச்சிடும். பார்க்கப் போன மருந்து பார்த்துட்டுச் சும்மா வரல." பிறகு கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்ச நாளைக்கு ரொம்ப சந்தோஷமா இருக்காதீங்க."

ஏன் என்று பெரிய டாக்டர் வந்ததும் தெரிந்தது. பாட்டிலைப் பார்த்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. சரியாயிடுச்சு."

"சரியாயிடுச்சா? உங்களுக்கு நடந்தது பரிசோதனை. சிகிச்சை இல்ல. நீங்க கையெழுத்துப் போட்ட தாளைக் கொண்டாங்க." வாங்கி விரலால் தட்டிக்கொண்டே வாசித்தார். "வலி வரலாம். காய்ச்சல் வரலாம். ஒவ்வாமை வரலாம். மரணம்கூட நேரலாம். எல்லாத்துக்கும் சம்மதிச்சிருக்கீங்க. குணமாகலாம்னு எங்கயாவது இருக்கா? இல்ல. நோயைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நோயாளி குணமாகிட்டா, இந்தத் துறை எதுக்கு? நாளைக்கு எல்லாரும் இப்படியே குணமாக ஆரம்பிச்சா நாங்க எங்க போறது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

எண்பத்திரண்டாவது நாள் இரண்டாவது படம். அதில் ஒழுகல் இல்லை. ஆக, இரண்டு படமும் ஒத்துப்போகவில்லை. துறை இரண்டாகப் பிரிந்தது. ஐந்து பேர் முதல் படமே சரி, எனவே நான் இன்னும் நோயாளிதான் என்றார்கள். ஐந்து பேர் இரண்டாவது படமே சரி, எனவே எனக்கு நோயே வந்ததில்லை என்றார்கள். வந்து போய்விட்டது என்று சொன்னது சின்ன டாக்டர் மட்டும்தான். இரண்டு தரப்பும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: அவர் சொல்வது தவறு.

"சார், அந்த 'பூரண குணம்' தாள்," என்று இழுத்தேன் பெரிய டாக்டரிடம்.

"எதுல இருந்து குணமானீங்கன்னு தெரியாம, குணமாகிட்டீங்கன்னு நான் எப்படி எழுதுறது?" என்றார். மிச்சமிருந்த நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டே கட்டிலுக்குத் திரும்பினேன்.

எண்பத்தேழாவது நாள் கருத்தரங்கம். வெளியூர்களிலிருந்து நிபுணர்கள் வருகிறார்கள். 'ஒழுகும் நோயாளி: நேரடிக் காட்சி' என்று அழைப்பிதழ் எப்போதோ அச்சாகிவிட்டது. முந்தின நாள் பெரிய டாக்டர் என் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். அதுவரை அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம். நீங்க பேசாம படுத்திருந்தாப் போதும். பாட்டிலுக்கு வேண்டியதைக் கேன்டீன் பார்த்துக்கும். முடிஞ்சதும் உங்க தாள்ல கையெழுத்துப் போட்டுடுறேன்."

நான் ஒப்புக்கொண்டேன். பெருமையாகச் சொல்லவில்லை. தாள் வேண்டியிருந்தது.

அரங்கில் என்னை மேடையில் கிடத்தி, ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்த குழாயை விலாவில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, பக்கத்தில் பாட்டிலை வைத்தார்கள். அதில் கேன்டீன் பால். பெரிய டாக்டர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். என் முதல் படம் சுவர் அளவுக்குத் தெரிந்தது.

"இவரைக் கவனியுங்க. மூணு வார்த்தை சேர்ந்தாப்போல பேச முடியாது. பத்தடி நடக்க முடியாது. இனி வாழ்நாள் முழுக்க எந்த வேலைக்கும் போக முடியாது. இதை நாங்க எழுத்தில் பதிவு செஞ்சிருக்கோம்."

எழுத்தில் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது. இன்றைக்கு இப்படி எழுதியவர் நாளைக்கு எந்தக் கையால் தகுதி என்று எழுதுவார்? என் காதில் பூச்சுற்றியிருக்கிறார். எழுந்து உட்கார்ந்தேன். பதினெட்டு வருஷத் தொண்டையைத் திறந்தேன்.

"மார்க்கெட், பழைய கோர்ட்டு, பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடம், தண்ணித் தொட்டி, ரயில்வே கேட்டு, மாவு மில்லு, கண்ணாஸ்பத்திரி, போலீஸ் குடியிருப்பு, வாத்தியார் காலனி, சோடா கம்பெனி, பெரிய பாலம், பாலத்துக்கு அந்தப்பக்கம், நூலகம், கிளைச் சிறை, டெப்போ. டெப்போ இறங்குறவங்க முன்னாடி வாங்க."

ஒரே மூச்சு. கடைசி வரிசைக்கும் கேட்டது. என் மனைவி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

பெரிய டாக்டர் அசரவில்லை. "பார்த்தீங்களா, நிணநீர் வத்திப்போனா இப்படித்தான் தொடர்பில்லாத இடங்களின் பெயர்கள் வெளிவரும்," என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். ஒரு நிபுணர் எழுந்து, இந்த அறிகுறிக்கு யார் பெயரை வைப்பது என்று கேட்டார். முன்வரிசையிலிருந்த ஒரு வயதான அம்மா மட்டும் மேடையருகே வந்து பாட்டிலைக் குனிந்து பார்த்தார். அதில் எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. கேன்டீன்காரர் வழக்கம்போலச் சர்க்கரை போட்டுவிட்டார்.

"இது என்ன நோய்னு எனக்குத் தெரியல," என்றார் அந்த அம்மா. "ஆனா சர்க்கரை கொஞ்சம் தூக்கல்."

பாட்டிலில் இருந்தது கேன்டீன் பால் என்பது அன்றைக்கே வெளியே பரவிவிட்டது. எண்பத்தொன்பதாவது நாள் விசாரணைக் குழு கூடியது. தலைவர் பெரிய டாக்டர்தான். அவருக்கு இப்போது என் நோய் வேண்டாம், என் குணமும் வேண்டாம். இரண்டையும் யார் தலையிலாவது கட்டினால் போதும்.

"பேஷண்ட் குணமாகிட்டார்ங்கறதை இந்தக் குழு மிகுந்த வேதனையோட ஒத்துக்குது," என்று ஆரம்பித்தார். "ஆனா இதுல ஆஸ்பத்திரிக்கு எந்தச் சம்பந்தமும் இல்ல. யாரோ ஒரு தனிநபரோட செயல் இது. சொல்லுங்க, உங்களைக் குணப்படுத்தினது யார்?"

பத்துப் பேரும் மேஜையைப் பார்த்தார்கள். தாள் கிடைக்க வேண்டுமென்றால் பெயர் சொல்ல வேண்டும். சொன்னால், ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரே ஆள் மாட்டுவார். டெப்போவில் பெயர் போனாலும் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சின்ன டாக்டர் தானாகவே எழுந்தார்.

"நான்தான் சார்."

"ஊசி போட்டது நீங்களா?"

"ஆமா சார்."

"குணமாகும்னு தெரிஞ்சே போட்டீங்களா?"

"ஆகணும்னு ஆசைப்பட்டேன் சார்."

ஆசை என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவே நிமிர்ந்து பார்த்தார். பெரிய டாக்டர் உத்தரவைச் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்தார். 'மேற்படி டாக்டர், துறையின் அனுமதியோ முன்னறிவிப்போ இன்றி, மேற்படி நோயாளியை எள்ளளவும் மிச்சமில்லாமல் பூரணமாகக் குணப்படுத்தியுள்ளார். நோயாளி தற்போது எந்தக் கடின வேலைக்கும் முற்றிலும் தகுதியுள்ள நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளார். இதற்கு இந்த ஆஸ்பத்திரி எவ்வகையிலும் பொறுப்பல்ல. டாக்டர் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார்.'

கீழே பதினோரு கையெழுத்து வேண்டும் என்பது விதி. பத்துப் பேர் போட்டார்கள். பதினோராவது கையெழுத்து சின்ன டாக்டருடையது. அவர் தாளை நிதானமாக முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"சார், இவருக்கு ஒரு பிரதி கொடுங்க," என்றார் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "எனக்கும் ஒண்ணு வேணும். மூணு வருஷமா இங்க வேலை பார்க்குறேன். நான் ஒருத்தரைக் குணப்படுத்தினேன்னு எழுத்துல வர்றது இதுதான் முதல் தடவை. அடுத்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டுறதுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குக் கிடைக்காது."

பெரிய டாக்டருக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் குமாஸ்தா முத்திரை குத்திவிட்டார்.

மறுநாள் நாலு மணிக்கு டெப்போவில் இருந்தேன். அங்கே விடுப்புப் பிரிவில் இருப்பவர் எதையும் நம்பாத மனிதர். எத்தனையோ பேரின் குணத்தைத் திருப்பி அனுப்பியவர். உத்தரவை இரண்டு தடவை படித்தார், கையெழுத்துகளை விரல் வைத்து எண்ணினார்.

"நானும் இருபது வருஷமா தாள் பார்க்குறேன்," என்றார். "எல்லாம் 'ஓரளவு தேறியுள்ளார்'னுதான் வரும். ஒரு ஆஸ்பத்திரி இவ்வளவு கோபப்பட்டு எழுதியிருக்குன்னா, நீ நிஜமாவே குணமாயிருக்கணும்."

வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டுவிட்டு டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு வண்டிக்குப் போனேன்.